கிரானைட் நேம் போர்டில் ‘அதியமான்’: தருமபுரி, கிருஷ்ணகிரி கடைகளின் வேலை எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புது வீட்டுக்கு நேம் போர்டு என்றால் கிரானைட்தான் முதலில் நினைவுக்கு வரும். கல் இங்கேயே கிடைக்கிறது. அறுக்கும் பட்டறையும் பாலிஷ் பட்டறையும் பக்கத்திலேயே இருக்கின்றன. எழுத்து வெட்டிக் கொடுக்கும் கடைகள் இரண்டு ஊரிலும் உண்டு. அந்த வேலையை ஒரே ஒரு பெயரை வைத்து அளந்து பார்க்கலாம்: அதியமான். தகடூர் என்று அன்று வழங்கிய தருமபுரியை ஆண்ட குடியின் பெயர். வீட்டுக்கும் பிள்ளைக்கும் தெருவுக்கும் பள்ளிக்கும் இன்றுவரை வைக்கப்படும் பெயர். ஐந்தே எழுத்துதான். ஆனால் நேம் போர்டு வேலையில் கை தவறக்கூடிய இடமெல்லாம் இந்த ஐந்து எழுத்துக்குள் அடங்கியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கல்லுக்கும் பாலிஷுக்கும் குறை சொல்ல இடமில்லை. வெட்டு, கடைக்காரர் எந்த முறையில் செய்கிறார் என்பதைப் பொறுத்து நன்றாகவோ சுமாராகவோ அமையும். எழுத்து அமைக்கும் கம்ப்யூட்டர் மேசைதான் பலவீனமான இடம். அங்கே வாடிக்கையாளர் கூட உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்க்காவிட்டால், நல்ல கல்லில் பிழையான பெயர் ஏறிவிடும்.

பெயரின் பொருளைத் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். ஏனென்றால் டிசைன் பேச்சில் எளிதாக வந்து விழும் யோசனை, பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிமான் படம். ‘மான்’ என்று முடியும் பெயருக்கு அது பொருத்தம்போலத் தோன்றும். அதியமானில் இருப்பது காட்டு மான் அல்ல. ‘மகன்’ என்ற சொல் தேய்ந்து ‘மான்’ ஆகியிருக்கிறது. சேரமான், மலையமான், தொண்டைமான் எல்லாம் இதே வார்ப்பில் வந்தவை. சேரர் குடியில் வந்தவன் சேரமான், அதியர் குடியில் வந்தவன் அதியமான். ஒருவனை மட்டும் குறிக்க ‘அதியன்’, குடி முழுவதையும் குறிக்க ‘அதியர்’. புறநானூற்று 91ஆம் பாட்டில் ஔவையார் ‘அதியர் கோமான்’ என்று அழைப்பது இந்தக் குடிப்பெயரால்தான். படம் வேண்டுமென்றால் நெல்லிக்கொத்து போடச் சொல்லுங்கள். ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி இந்தப் பெயரோடு இரண்டாயிரம் ஆண்டாக ஒட்டி வருவது. இலை சிறிதாக, காம்போடு ஒட்டி இரண்டு மூன்று காய் என்று வரைந்தால் கல்லில் சுத்தமாக வெட்டவும் வரும்.

பெயரின் பழமைக்கு இரண்டு கல்வெட்டுச் சான்றுகள் உள்ளன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் தம் எல்லைக்கு அப்பால் தெற்கே இருப்பவர்களைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு ‘சதியபுதோ’ என்பவரையும் சேர்த்துச் சொல்கிறார். ‘புதோ’ என்பது புத்திரன், அதாவது மகன். கேரளபுத்திரன் சேரமான் என்றால் சதியபுதோ அதியமான். சொல்லின் முதலில் உள்ள சகரம் தமிழில் விழுவது புதிதல்ல. சமணர் அமணர் ஆனதும் சிப்பி இப்பி ஆனதும் அப்படித்தான். இது வெறும் ஊகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 1981இல் விடை கிடைத்தது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற ஊரின் குன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி: ‘சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி’. பாளி என்பது துறவிகள் தங்கும் குகைப்படுக்கை. வடக்கே வழங்கிய பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே வரியில், ஒரே ஆளுக்கு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இதைச் சொல்வதற்கு நேம் போர்டு சார்ந்த காரணமும் உண்டு. பெயருக்குக் கீழே ‘உண்மையின் மகன்’ என்று பொருள் எழுதிப் போட விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சதிய என்பதைச் ‘சத்திய’ என்று வாசித்ததால் வந்தது அது. அசோகரின் கல்வெட்டு மொழியில் உண்மை என்ற சொல் ‘சச’ என்றுதான் வரும், ‘சதிய’ என்று வராது. சதிய என்பது குடிப்பெயரின் ஒலிபெயர்ப்பு. கல்லில் அந்தப் பொருளுரையை ஏற்றாமல் இருப்பது நல்லது. ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ‘அதியர் கோமான்’ என்பதே போதும். பழைய, நிச்சயமான சொல் அது.

ஔவையார் பாடிய மன்னரின் முழுப்பெயரான ‘அதியமான் நெடுமான் அஞ்சி’ என்பதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். அதியமான் குடிப்பெயர், நெடுமான் சிறப்புப் பெயர், அஞ்சி அவருடைய சொந்தப் பெயர். தமிழில் குடியும் ஊரும் தகப்பனும் முன்னால் வரும், ஆளின் பெயர் கடைசியில் நிற்கும். ஆங்கில வழக்கப்படி குடும்பப் பெயரைப் பின்னால் தள்ளி ‘அஞ்சி அதியமான்’ என்று வெட்டினால் வரிசை தலைகீழாகிவிடும். தமிழ் காதுக்கு ‘பயந்துபோன அதியமான்’ என்றும் கேட்கும். இடம் இல்லையென்றால் அஞ்சியை விட்டுவிட்டு ‘அதியமான்’ மட்டும் போடலாம். வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

உச்சரிப்புக்கு வருவோம். இங்கேதான் எழுத்துப் பிழையின் வேர் இருக்கிறது. முதல் எழுத்து குறில் அ. ‘ஆதியமான்’ என்று நீட்டினால் ஆதி என்ற வேறு சொல் புகுந்துவிடும். இரண்டாவது, இரு உயிருக்கு நடுவே வரும் தனித் தகரம். ‘அதிகாலை’யில் ஒலிப்பதுபோல மென்மையாக ஒலிக்க வேண்டும். அதை அழுத்திச் சொல்கிறவர் ‘அத்தியமான்’ என்று எழுதுவார், அது அத்தி மரத்துக்குப் போய்விடும். நடுவிலுள்ள யகரம் வேகமான பேச்சில் விழுந்துவிடும் எழுத்து. அதுதான் பெரிய ஆபத்து. சேலம் சாலையில் இருக்கும் அதியமான்கோட்டையை வெள்ளைக்காரர் காலத்து ஆங்கில ஆவணங்கள் யகரம் இல்லாமல் எழுதின. அதைத் தமிழில் திருப்பி எழுதியபோது ‘அதமன்கோட்டை’ ஆனது. அதமன் என்றால் கீழ்மகன். தன் குடிக்கே கோமான் என்று பாடப்பட்டவனின் ஊருக்கு அந்தச் சொல் ஒட்டியது மனதை உறுத்துகிறது. வாயால் ‘அதியமாங்கோட்ட’ என்று சொல்வது வேறு விஷயம். னகரம் ககரத்துக்கு முன்னால் ஙகரமாகத் திரும்புவது தமிழ் நாக்குக்கு இயல்பு, அதில் குற்றமில்லை. எழுத்தில் யகரம் மட்டும் போகவே கூடாது.

ஆங்கில எழுத்துக் கூட்டல் கடையில் கடைசி நிமிடத்தில் முடிவாகும் விஷயமாக இருக்கிறது. அது வீட்டிலேயே முடிவாக வேண்டும். தகரத்துக்கு மூன்று வழி புழக்கத்தில் உள்ளது. டைகருக்கு வரும் டியோடு ஹெச் சேர்ப்பது (th), டாக்டருக்கு வரும் டியோடு ஹெச் சேர்ப்பது (dh), டாக்டருக்கு வரும் டியை மட்டும் போடுவது (d). மென்மையான ஒலிக்கு இரண்டாவதுதான் நெருக்கம். முதலாவதும் தமிழ்நாட்டில் பரவலாக இருப்பதால் தவறு என்று சொல்ல முடியாது. மூன்றாவதைத் தவிர்க்கலாம். துருக்கியில் ஏறத்தாழ அதே எழுத்துக்களோடு ஒரு நகரம் இருக்கிறது, 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் பலத்த சேதம் கண்ட நகரம். இணையத்தில் தேடினால் அந்த ஊர்தான் முதலில் வரும். ஓசூரிலுள்ள அதியமான் பொறியியல் கல்லூரி ‘மா’வின் நெடிலைக் காட்ட இரண்டு ஏ போட்டு எழுதுகிறது. ஒலிக்கு அது மிகச் சரி. பழைய கல்வெட்டுத் தொகுப்புகளில் யகரத்துக்குப் பதில் ஜி போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிற்காலக் கல்வெட்டுகளில் ‘அதிகமான்’, ‘அதிகைமான்’ என்ற வடிவங்கள் உண்டு. சிறுபாணாற்றுப்படையும் ‘அதிகன்’ என்கிறது. அந்த ஜி அங்கிருந்து வந்தது.

ஒரு நடைமுறைச் சிக்கல்: போனில் எழுத்துக் கூட்டல் சொல்லாதீர்கள். தமிழ் வாயில் இரண்டு ‘டி’யும் ஒன்றாகத்தான் கேட்கும். எழுதி அனுப்புங்கள். ஆதார், கடவுச்சீட்டு, வீட்டு வரி ரசீது ஆகியவற்றில் எந்தக் கூட்டல் இருக்கிறதோ அதையே கல்லிலும் போடுவது கூரியர் கொண்டு வருகிறவருக்கும் வங்கி ஆளுக்கும் உதவும். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்து, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். அரசுக்கு ஆணையைத் திரும்பப் பெற முடிந்தது. கல்லில் வெட்டியதைத் திரும்பப் பெற வழியில்லை.

வழக்கு என்று பார்த்தால், தமிழரிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் இல்லாததால் அதியமான் இன்று மூன்று விதமாக வருகிறது. ஆளின் இயற்பெயராக, தகப்பனார் முதலெழுத்தோடு. பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயராகப் பின்னால் ஒட்டி, கடவுச்சீட்டின் குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்ப. அப்புறம் இடப்பெயராக, நிறுவனப் பெயராக. தருமபுரியில் ஆண்கள் அரசு மேல்நிலைப்பள்ளி அதியமான் பெயரிலும் பெண்கள் பள்ளி அவ்வையார் பெயரிலும் இருப்பது அந்த ஊருக்கே உள்ள அழகு. வீட்டுக்கு வைப்பதானால் ‘அதியமான் இல்லம்’ என்று இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவது வாசிக்க எளிது. குடும்பம் முழுவதையும் குறிக்க நினைத்தால் ‘அதியர் இல்லம்’ என்பது இலக்கணத்துக்கும் காதுக்கும் பொருந்தும், எழுத்தும் மிச்சம். இடப்பெயரில் ‘அதியமான்கோட்டை’ என்று சேர்த்து எழுதினால் போதும், நடுவில் ஒற்று மிகாது. ‘அதியமான்க்கோட்டை’ என்று எழுதிய டிசைன் காட்டினால் உடனே திருத்தச் சொல்லுங்கள். ஊரின் பெயரை ‘தருமபுரி’ என்று போடுவதுதான் அரசுத் தமிழ் வழக்கு.

இனி கம்ப்யூட்டர் மேசை. பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில் போகும். கடையிலுள்ள டிசைன் மென்பொருள் பழையதாக இருந்தால் யூனிகோடு தமிழ் அங்கே உடையும். ‘தி’யின் சுழி தனியாக நிற்கும், ‘ன்’னின் புள்ளி, புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டத்தின் மேல் ஏறி உட்காரும். ‘நெடுமான்’ சேர்த்திருந்தால் கொம்பு பின்னால் போய்விடும். ஆப்பரேட்டர் அதைப் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துரு முறையில் கண்ணால் பார்த்துத் திரும்பத் தட்டுவார். பிழை பிறப்பது அந்த இரண்டு நிமிடத்தில்தான். யகரம் விடுபடும், ன் என்பது ண் ஆகும், புள்ளி மறக்கப்படும். கடைக்கு நேரில் போய்ப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் இதற்கு மருந்து. வானவில்லில் ‘அவ்வையார்’ என்றே ஒரு எழுத்துரு உண்டு. கனம் சீராக இருப்பதால் கல்லுக்கும் ஒத்துப்போகும். இந்தப் பெயரை அந்த எழுத்துருவில் வெட்டுவதில் ஒரு நிறைவு இருக்கிறது.

எழுத்துக் கணக்கில் விலை பேசும் கடை என்றால் ஒரு விஷயம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதியமான் தமிழ்க் கணக்கில் ஐந்து எழுத்து: அ, தி, ய, மா, ன். கம்ப்யூட்டர் கணக்கில் எட்டு, ஏனென்றால் சுழியும் காலும் புள்ளியும் தனித்தனி. எந்தக் கணக்கு என்று கேட்காமல் விட்டால் பில் போடும்போது மனத்தாங்கல் வரும். சதுர அங்குலக் கணக்கில் பேசுவது இருவருக்கும் நல்லது.

அடுத்து இடைவெளி. கல்லின் அகலத்தை நிரப்ப எழுத்துகளுக்கு நடுவே ஒரே சீராக இடைவெளி கூட்டுவார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் ‘மா’வின் கால் தனிக் குறியாக இருப்பதால் மகரத்துக்கும் காலுக்கும் நடுவிலும் அதே இடைவெளி விழும். கால் தனியாக நின்றதும் ரகரமாகத் தெரியும், தூரத்திலிருந்து ‘அதியமரன்’ என்று வாசிப்பார்கள். ‘மா’வை ஒரே எழுத்தாகக் கட்டிவிட்டு அதன் பிறகு இடைவெளி கூட்டச் சொல்ல வேண்டும். ‘தி’யின் சுழி அடுத்த யகரத்தைத் தொடாமல் குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும்.

கல் அளவு 18 அங்குல அகலம், 12 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் ஓரம் விட்டால் எழுத்துக்கு 15 அங்குலம் மிஞ்சும். ஐந்து எழுத்துக்கு அது தாராளம், இரண்டு அங்குல உயரத்தில் வெட்டலாம். பலகைத் தொழிலில் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்ற கணக்கு உண்டு. அதன்படி இருபதடியிலிருந்து, அதாவது சாதாரணத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து வாசிக்க முடியும். ஆங்கிலம் கீழே ஓர் அங்குலம் போதும். கதவு எண்ணை மூலையில் சிறிதாக ஒதுக்காதீர்கள், தேடி வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வெட்டுவதற்கு முன்னால் அசல் அளவிலேயே ஒரு தாள் பிரிண்ட் வாங்கி, வீட்டு கேட்டில் ஒட்டி, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். வீட்டில் தமிழ் நன்றாக வாசிக்கும் ஒருவரையும், அந்தப் பெயரைத் தெரியாத ஒருவரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர் பிழையைத் தாண்டிப் போய்விடுவார், தெரியாதவர் இருப்பதை இருப்பதுபோல வாசிப்பார். பிழை அவர் வாயில் வெளிவரும். சரி என்றால் அந்தத் தாளிலேயே கையெழுத்துப் போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் தவறு வந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சே எழாது.

வெட்டும் முறைகளில் லேசர் மலிவு, வேகம். பாலிஷ் செய்த கறுப்புக் கல்லில் மேற்பரப்பை மட்டும் சிதைத்துச் சாம்பல் வெள்ளையாகக் கோடு போடும். முகப்படம், நுண்ணிய நெல்லி இலை எல்லாம் அழகாக வரும். ஆனால் ஆழமே கிடையாது. மழையில் நனைந்தால் எழுத்து மங்கித் தெரியும், பல நிறக் கல்லில் எடுபடவே எடுபடாது. வீட்டுக்குள் வைக்கும் பலகைக்கு லேசர் போதும். வாசலுக்குப் பரிந்துரைக்க முடியாது.

மணல் வீச்சுதான் வாசல் பலகைக்குச் சிறந்தது. கல்லின் மேல் ரப்பர் அல்லது வினைல் ஷீட் ஒட்டி, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி உரித்துவிட்டு, கம்ப்ரசர் காற்றோடு துகளை அடிப்பார்கள். ஷீட் இருக்கும் இடம் தப்பிக்கும், திறந்த இடம் குழியும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் கேட்டு வாங்குங்கள். இந்த முறையில் அதியமானுக்கு இரண்டு இடம் சோதனை. ஒன்று, அ, த, ன ஆகிய எழுத்துகளின் சுழிகளுக்குள்ளே மிஞ்சும் குட்டித் தீவு. அது மூன்று மில்லிமீட்டருக்குச் சிறியதாக இருந்தால் காற்று வேகத்தில் ஷீட் பறந்துவிடும், சுழி அடைபட்டு ஒரு குழியாகிவிடும். இன்னொன்று புள்ளி. குறுகிய துளைக்குள் துகள் குறைவாகப் போவதால் மற்ற எழுத்து மூன்று மில்லிமீட்டர் ஆழம் போனாலும் புள்ளி ஒரு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். பெயின்ட் அங்கே பிடிக்காது. இரண்டு மழைக்காலம் போனால் புள்ளி மறைந்து ‘அதியமான’ என்று நிற்கும். புள்ளியின் விட்டத்தை எழுத்துக் கோட்டின் கனத்துக்குச் சமமாக, குறைந்தது ஐந்து மில்லிமீட்டராக வைக்கச் சொல்லுங்கள். எழுத்துருவில் வரும் புள்ளி அதைவிடச் சிறியதாகவே இருக்கும், கையால் பெரிதாக்க வேண்டும். பழைய கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் புள்ளி இல்லாமலே வாசித்தார்கள் என்பது உண்மை. இன்றைய வாசகருக்கு அது உதவாது.

இந்த வேலையைச் செய்பவரின் உடல்நலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்று மணலை அடித்தால் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும், சிலிகோசிஸ் வந்தால் திரும்ப வழியில்லை. அலுமினியம் ஆக்சைடு போன்ற துகளை மூடிய பெட்டிக்குள் அடிக்கும் கடை நல்ல கடை. திறந்த வெளியில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு அடிக்கும் இடத்தில் விலை குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைவு அடிக்கிறவரின் நுரையீரலிலிருந்து வருகிறது. வேறு கடை பாருங்கள்.

கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷினில் வைர முனை கொண்டு தண்ணீர் விட்டு வெட்டுவது மூன்றாவது வழி. ஓரம் கூர்மையாக, பள்ளம் ‘வி’ வடிவில் வரும். நேர்கோடுகள் உள்ள ஆங்கில எழுத்துக்கு மிக அழகு. மூன்று மில்லிமீட்டர் முனை போட்டால் தமிழ்ச் சுழிக்குள் திரும்ப இடம் இருக்காது. ஆகவே நுனி கூர்ந்த முனைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உளியால் கைவேலை செய்கிறவர்கள் இன்றும் உண்டு. எழுத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்றாலும் 20 மில்லிமீட்டர் பாலிஷ் பலகை உளி அடியைத் தாங்காது, ஓரம் சிதறும். 50 மில்லிமீட்டர் கனக் கல் எடுத்தால் மட்டும் கைவேலை கொடுங்கள்.

கல் தேர்வு சுலபம். எழுத்து தெரிய வேண்டும் என்றால் கறுப்பு. கறுப்பு கிரானைட் என்று விற்பது புவியியல்படி டாலரைட், துகள் நுண்ணியதாக இருப்பதால் சுழிகள் சுத்தமாக வரும். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோ உலகச் சந்தைக்குப் போகும் அழகான கல், ஊதாவும் சிவப்பும் அலையலையாக ஓடும். தரைக்கும் மேடைக்கும் அது அருமை. எழுத்துக்கு ஆகாது, அலைக்குள் எழுத்து தொலைந்துவிடும். 18க்கு 12 அங்குலப் பலகை 20 மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு என்றால் சுமார் எட்டரை கிலோ, மற்ற கிரானைட் ஏழரை கிலோ வரும். தூக்குவதற்கும் மாட்டுவதற்கும் இந்தக் கணக்கு தேவை.

பெயின்டில் வெள்ளை எனாமல் நீண்ட நாள் தெரியும். தங்க நிறப் பெயின்ட் புதிதில் பளிச்சென்று இருந்தாலும் மேற்கு வெயில் படும் சுவரில் மங்கிப் பழுப்பாகும். ஷீட்டை உரிப்பதற்கு முன்பே பெயின்ட் அடிக்கிறார்களா என்று பாருங்கள். உரித்த பிறகு தூரிகையால் நிரப்பினால் ஓரம் பிசிறும்.

மாட்டும்போது நான்கு மூலையில் திருகு போடுவதானால் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே துளை இருக்க வேண்டும், அதற்கும் ஓரமாகப் போனால் மூலை உடையும். பித்தளை அல்லது எவர்சில்வர் திருகுதான் வேண்டும், இரும்பு துருவேறிக் கல்லில் கோடு இறக்கும். சிமென்ட் வைத்து ஒட்டுவதென்றால் ஐந்து இடத்தில் உருண்டை வைத்து அழுத்தும் பழக்கம் வேண்டாம். பின்னால் வெற்றிடம் நின்று தண்ணீர் தங்கும். டைல்ஸ் பசையை முழுப் பரப்பிலும் சீப்பு போட்டுத் தேய்த்து ஒட்டினால் எட்டரை கிலோவும் அசையாது.

இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புச்சத்து மிகுந்தது. அதைக் கொண்டு கழுவிக் காயவிட்டால் கறுப்புக் கல்லில் வெள்ளைத் திட்டு படியும், குறிப்பாக எழுத்துப் பள்ளத்தின் கீழ் ஓரத்தில். ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஆசிட் ஊற்றினால் திட்டு போகும், கூடவே பெயின்டும் போகும்.

ஔவையார் அதியமானின் நடுகல்லைப் பாடிய பாட்டு புறநானூற்றில் 232ஆவது. மயில் பீலி சூட்டிய அந்தக் கல் எங்கே நின்றதோ, இன்று கண்ணில் படுவதில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இந்த வட்டாரத்து நடுகற்கள் பல நிற்கின்றன. பலகைக்கு எழுத்து யோசிப்பவர்கள் ஒருமுறை போய் அந்தக் கற்களின் எழுத்து ஆழத்தைப் பார்த்துவிட்டு வரலாம். நூற்றாண்டுக் கணக்கில் மழையில் நின்றும் வாசிக்க முடிவது எதனால் என்று கண்ணாலேயே புரியும்.

எல்லாம் பார்த்தும் வெட்டிய பிறகு பிழை தெரிந்தால் என்ன செய்யலாம்? புள்ளி விட்டுப்போயிருந்தால் ஷீட் ஒட்டி அந்த ஒரு இடத்தை மட்டும் மீண்டும் அடிக்கலாம், வெளியே தெரியாது. புள்ளி ஆழம் குறைவென்றாலும் இதே வழி. யகரம் விடுபட்டிருந்தால் அந்தப் பக்கம் மீளாது. எபாக்சி என்ற கறுப்புப் பிசினை வைத்து நிரப்பித் தேய்த்துத் தருகிறேன் என்பார்கள். ஈரம் பட்டால் கல் ஒரு கறுப்பாகவும் எபாக்சி வேறு கறுப்பாகவும் பழைய எழுத்து பேய்போலத் தெரியும். பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாலிஷ் போட்டு அதில் புதிதாக வெட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் மூன்று மில்லிமீட்டர் பள்ளம் போயிருந்தாலும் 20 மில்லிமீட்டர் கல்லில் 17 மிச்சம் இருக்கும், அது போதும். திருகுத் துளை ஏற்கெனவே போட்டிருந்தால் மட்டும் அதே துளைகளுக்கு ஏற்ப எழுத்தை அமைக்க வேண்டியிருக்கும். அதனால் துளை போடும் வேலையை எழுத்து சரிபார்த்து முடிந்த பிறகு, கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.